எண்ணெய்த் தலையும் இரண்டு கோடுகளும்

1991-ல், வல்லக்கோட்டைப் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது. என் மகளுக்கு மூன்று வயதாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டு விழுந்தால் திரும்புவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். "காது கேக்குது, மண்டைலதான் ஏறல" என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சோதனைக்கு வரச் சொன்னார்கள். ஒரு சத்தத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை மூளை கண்டுபிடிக்கிறதா என்று அளந்து பார்ப்பார்களாம். கண்டுபிடித்தால் பேச்சுப் பயிற்சி கொடுக்கலாம். இல்லாவிட்டால்?

பிள்ளை பரட்டைத் தலையோடு போனால் அம்மாவைத்தானே பேசுவார்கள்? எண்ணெய் வழிய வழியத் தலைவாரி, ரெட்டைச் சடை போட்டு, ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் சோதனை செய்யும் பெண் மகள் தலையில் ஒயரை ஒட்ட ஒட்ட, அது வழுக்கி விழுந்தது. மகள் ஒரே அலறல்.

"எண்ணெய் இருந்தா ஒட்டாதும்மா. இன்னொரு நாள் வாங்க."

இந்த நாள் கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருந்தோம். வெளியே வந்து அழுதுவிட்டேன். கணவரின் சோதனைக்காக அடுத்துக் காத்திருந்த சென்னைக்கார அம்மா விஷயத்தைக் கேட்டார்.

"இதுக்கா அழுவுற? எங்க வூட்டுக்காரரு மொதல்ல போவட்டும். நீ வா, கொயந்த தலைய அலசலாம்."

அவரே கடைக்குப் போய் ஷாம்பு பாக்கெட் வாங்கிவந்து, குழாயடியில் தண்ணீர் ஊற்றி, தன் முந்தானையால் துவட்டியும் விட்டார். தலைக்குக் குளித்த சுகத்தில் மகள் என் மடியிலேயே அசந்து தூங்கிவிட்டாள். இப்போது ஒயர்கள் ஒட்டின.

காதில் ஒரே சத்தம் திரும்பத் திரும்ப, நடுநடுவே வேறொன்று. கடைசியில் கம்ப்யூட்டர் சத்தத்துக்கு ஒன்றாக இரண்டு கோடுகள் போட்டது. ஒட்டியே போனால் வித்தியாசம் தெரியவில்லை என்று அர்த்தமாம். முதலில் ஒட்டித்தான் போயின. பிறகு ஒரு கோடு மட்டும் கீழே இறங்கியது.

"பிரிஞ்சிடுச்சு பாருங்க. தூக்கத்துலயும் கண்டுபிடிக்கிறா" என்றாள் அந்தப் பெண்.

வெளியே ஓடி, "தெரியுதாம்க்கா" என்று அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டேன். பேர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

பயிற்சிக்கு நாயாய் அலைந்தோம். பேச்சு மெல்லத்தான் வந்தது. இப்போது அவள் என்னை வாயைத் திறக்க விடுவதில்லை. ஆனாலும் பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு "இதுக்கு ஒண்ணும் புரியாது" என்று யாராவது சொன்னால் சண்டைக்கே போய்விடுவேன். நாம் பேசுவதை அது உள்ளுக்குள் பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.