காகம் பதித்த ஜப்பான் மெடல்

1. பெரியவர் கொண்டு வந்தது

எண்பதுகளின் கடைசியில் முத்தாபுதுப்பேட்டையில் மெடல் கட்டும் கடையில் வேலை பார்த்தேன். படையில் இருப்பவர்கள் அணிவகுப்புக்கு முன் தங்கள் மெடல்களைக் கொண்டு வருவார்கள். புது ரிப்பன் வெட்டி, விறைப்பாக நிற்க உள்ளே பக்ரம் துணி வைத்து, வரிசையாகத் தைத்துக் கொடுப்போம். பத்தாவது வரை படித்தவள் நான். ஆட்களிடம் பேசக் கூச்சம். முதலாளி பெலிக்ஸ் அண்ணன் முன்னால் உட்காருவார், நான் பின்னால் தைப்பேன்.

ஒரு திங்கட்கிழமை ஹவில்தார் கோவிந்தசாமி தன் மகன் சேகரோடு வந்தார். பர்மா சண்டையில் போரிட்டு, பிறகு பென்ஷனில் வந்தவர். கைக்குட்டையைப் பிரித்து ஒரு மெடலை வைத்தார்.

"ஜப்பான் மெடல். நிஜமா போலியான்னு சொல்லணும்."

காரணத்தைச் சேகர் சொன்னார். அவர் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்தார்.

"எங்க கம்பெனில மிஷின் போட ஒரு ஜப்பான் இன்ஜினியர் வந்துகிறார்ண்ணா. அடுத்த வாரம் ஊருக்குப் போறார். ஞாயித்துக்கிழம நம்ம ஊட்டுக்கு சாப்புட வர்றார். நைனா இத அவர் கையில திருப்பிக் குடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. பொம்ம மெடல நீட்டிட்டு நான் கம்பெனில எப்படித் தல காட்டறது?"

"பொம்ம இல்லடா," என்றார் பெரியவர். "ஒரு கைதிக்குத் தண்ணி குடுத்தேன். பையிலருந்து எடுத்து என் கையில வச்சான். எத்தன வாட்டி சொல்றது?"

பெலிக்ஸ் அண்ணன் மெடலைத் திருப்பிப் பார்த்தார். குறுக்காக இரண்டு கொடிகள், அவற்றின் மேல் ஒரு காகம்.

"இன்னா நைனா, காக்காவப் போயி எவனாவது மெடல்ல போடுவானா? சிங்கம் போடுவான், கழுகு போடுவான். பிளாட்பாரத்துல வாங்கினதா?"

அந்தக் காகத்தை எனக்குத் தெரியும். நகரத்திலிருந்து வரும் ஒரு சேகரிப்பாளர் தன் ஜப்பான் மெடல்களை எங்களிடம்தான் பலகையில் கட்டச் சொல்வார். காக மெடலின் ரிப்பன் அவரிடம் இரண்டு இருந்ததில் ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார். அதிலிருந்து எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. கிடைத்த ரிப்பன் துண்டுகளை எல்லாம் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். சீனாவில் சண்டையிட்டவர்களுக்கு ஜப்பான் கொடுத்த மெடலில் இருப்பது அந்தக் காகம். ஜப்பான்காரர்களின் பழங்கதையில் மன்னரின் படைக்கு வழிகாட்டிய பறவை.

"காக்கா சரிதான்ண்ணே," என்று உள்ளேயிருந்து சொன்னேன்.

"எஸ்தரு வாயத் தொறந்துட்டா. குட கொண்டாந்தீங்களா, மழ வரும்," என்றார் அண்ணன்.

2. பிரித்துப் பார்த்தது

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மெடலையும் வளையத்தையும் சேர்க்கும் கீல், ஜப்பான் மெடலில் இருப்பது போலவே நன்றாக மடங்கியது. ஆனால் காகத்தின் இறகுக் கோடுகள் மழுங்கியிருந்தன. அசல் மெடலை எஃகு டை வைத்து ஓங்கி அடித்துச் செய்வார்கள், கோடு கூர்மையாக இருக்கும். அச்சு எடுத்து வார்த்த போலியில்தான் இப்படி மழுங்கும். ரிப்பனும் தப்பு. நம் படைகளில் பயன்படும் கரும்பச்சை ரிப்பன், முப்பத்திரண்டு மில்லிமீட்டர். ஜப்பான் ரிப்பன் முப்பத்தேழு. மெடலின் வளையத்தில் இருபக்கமும் இடைவெளி தெரிந்தது.

"எறகும் தேஞ்சி கீது, ரிப்பனும் வேற. போலின்னு சொல்லி அனுப்பு. வேல கெடக்குது," என்று அண்ணன் என் காதருகே சொன்னார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. பெரியவரிடம் நானே போய்க் கேட்டேன். "இத எப்படி சார் தொடைப்பீங்க?"

"என் மெடலோட சேத்து வாராவாரம் பாலிஷ்தான். மங்கின மெடலோட பட்டாளத்துல நிக்க முடியுமாம்மா? பென்ஷன் வர்றப்ப ரெஜிமென்ட் தையக்காரன் எல்லாத்துக்கும் புது ரிப்பன் போட்டுக் குடுத்தான்."

பட்டாளத்துக்காரருக்கு மங்கல் என்றால் அவமானம். சேகரிப்பவருக்கு மினுமினுப்புதான் நஷ்டம். நாற்பது வருஷம் அக்கறையாகத் தேய்த்தே பெரியவர் தன் சாட்சியை அழித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் போலியையும் பாலிஷ் போட்டுத் தேய்க்கலாமே. ஆகவே இது விளக்கம்தான், நிரூபணம் இல்லை. ரிப்பனை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தேன். பக்ரம் விறைப்பாக இருக்கும். இது மெத்தென்று இருந்தது. பழைய ரெஜிமென்ட் தையல்காரர்களில் சிலர் பக்ரம் வைக்க மாட்டார்கள். கழற்றிய பழைய ரிப்பனையே மடித்து உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள்.

"பிரிக்கணும்," என்றேன்.

"வேணாம் சிஸ்டர், இருக்கறதும் போயிடும்," என்றார் சேகர்.

"உள்ள ஒண்ணும் இல்லன்னா நான்தான் பதில் சொல்லணும்," என்றார் அண்ணன்.

பெரியவர் என்னை மட்டும் பார்த்தார். "பிரிம்மா."

ஒவ்வொரு தையலாக அறுத்தேன். உள்ளே, இரண்டு ஓரமும் மடிக்கப்பட்ட ஒரு பட்டுத் துண்டு. விரித்தேன். ஓரங்களில் வெளிர்நீலம், பிறகு மண் நிறம், பழுப்பு, இளஞ்சிவப்பு, நடுவில் சிவப்புக் கோடு. வெயில் படாததால் நிறம் போகவில்லை. பட்டில் தண்ணீர் அலை மாதிரி மினுக்கம். ஸ்கேல் வைத்தேன், முப்பத்தேழு. என் டப்பாவில் இருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்று. வளையம் உரசிய இடத்தில் துணியில் பச்சைக் களிம்புக் கோடு இருந்தது. அதை மெடலில் கோத்ததும் கோடு சரியாக வளையத்தின் மேல் உட்கார்ந்தது. இந்த ரிப்பன் இந்த மெடலில்தான் பல காலம் தொங்கியிருக்கிறது.

"நிஜம் சார்," என்றேன்.

பெரியவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

3. சொல்ல முடியாத பாதி

"நல்லா பாலிஷ் போட்டுக் குடும்மா, புது ரிப்பனோட," என்றார். மாட்டேன் என்றேன். அழுக்கோடா கொடுப்பது என்று முகம் சுளித்தார். இந்தக் கோடுதான் சார் உங்க சாட்சி என்று காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

சேகர் இன்னொன்று கேட்டார். "ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க சிஸ்டர். அசல் மெடல், கைதி குடுத்ததுன்னு."

"மொதப் பாதி எழுதறேன். ரெண்டாவது பாதி எனக்குத் தெரியாது."

"எழுதினா இன்னா கொறஞ்சிடும்?" என்று அண்ணன் சலித்துக்கொண்டார்.

அண்ணனிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. இருந்தாலும், "யார் கையிலருந்து வந்துச்சுன்னு துணியிலயும் தெரியாது, உலோகத்துலயும் தெரியாதுண்ணே," என்றேன்.

பெரியவர் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் கைக்குட்டையை மடித்தபடி, "மொதப் பாதி போதும்," என்றார்.

அடுத்த வாரம் சேகர் மட்டும் வந்தார்.

"அந்த இன்ஜினியர் ரெண்டு கையாலயும் வாங்கிகினார் சிஸ்டர். ரிப்பனையே ரொம்ப நேரம் பாத்தார். எப்படிக் கெடச்சுதுன்னு கேட்டார். நான் கைதி கதைய ஆரம்பிச்சேன். நைனா என் கையப் புடிச்சிட்டாரு. 'கைதி இல்லடா. செத்துக் கெடந்தவன் சட்டப் பையிலருந்து நான்தான் எடுத்தேன். அதையே சொல்லு'ன்றாரு. எனக்கு இங்கிலீஷே வரல. எப்படியோ சொல்லி முடிச்சேன்."

"அவுரு இன்னா சொன்னாரு?" என்றார் அண்ணன்.

"மெடலக் கையில வச்சிகினே எழுந்து நின்னார். நைனாவும் எழுந்துட்டாரு. அப்புறம், அவன் செத்துக் கெடந்தது எந்த ஊரு, எந்த ஆத்தங்கரைன்னு கேட்டு எழுதிகினாரு."

இந்த வேலைக்கு வருகிறவர்களே, பழைய மெடலுக்குப் பாலிஷ் போடாதீர்கள். பிரிப்பதற்கு முன் விரலால் அழுத்திப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்தது எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், யார் எவ்வளவு கேட்டாலும். மீதியைச் சொல்ல வேண்டியவர் ஒருவர் இருப்பார். நீங்கள் சொல்லிவிட்டால் அவர் சொல்ல மாட்டார்.