அரிசி இல்லாத புட்டு

என் வாய் நீளம் என்று பிறந்த வீட்டிலும் சொல்வார்கள், புகுந்த வீட்டிலும் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. கைப்பக்குவத்தையும் கூடச் சேர்த்துச் சொல்லுங்கள் என்பேன். அந்த இரண்டும் இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் ஒற்றைக் காலோடுதான் மிச்ச காலத்தைக் கழித்திருப்பார்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் அப்போதும் திருவிதாங்கூர்-கொச்சிக்குள்தான் இருந்தோம். மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த வயலில் நடக்கும்போது இவருக்கு வலது கால் பெருவிரலில் அறுத்த நெல்தாள் குத்திவிட்டது. வயல்காரனுக்கு அது ஒரு பெரிய விஷயமா? மஞ்சளை அரைத்துப் போட்டோம். புண் ஆறவில்லை. விரல் கறுத்து, வீக்கம் பாதத்துக்கு ஏறியது. நாகர்கோவிலில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சிறுநீரில் கொஞ்சம் எடுத்து ஒரு நீல மருந்தில் விட்டு விளக்கில் சூடாக்கினார். நீலம் போய்ச் செங்கல் நிறமாயிற்று. சர்க்கரை வியாதி என்றார்.

"ஊசி நான் போடுவேன். வாயை நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார் என்னிடம். அரிசி, மரச்சீனிக்கிழங்கு, கருப்பட்டி, பழம் எல்லாம் ஆகாது. மத்தியானம் ஒரு சிறங்கை சோறு பொறுத்துக்கொள்ளலாம், காலையில் கூடவே கூடாது. ஆவணியில் வரும் கன்னிப்பூ அறுப்பு வரைக்கும் பார்ப்பதாகவும், அதற்குள் புண் ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

இவர் திரும்பி வந்து வீட்டு வாசலில் ஏறும்போது, "இத ஒருத்தர்ட்டயும் சொல்லப்பிடாது" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். வியாதிக்காரன் என்று தெரிந்தால் ஊர் தன்னை அரை ஆளாகப் பார்க்கும் என்ற பயம் அவருக்கு.

அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த நாளிலும் எங்கள் நெல் பத்தாயம் காலியானதில்லை. அத்தனை நெல்லையும் விளைவித்த மனுஷனுக்கு அதில் காலையில் ஒரு பிடி கிடையாது என்றால் எப்படி இருக்கும்? அதுவரை விடிந்ததும் பழஞ்சோறு, இல்லையென்றால் புட்டு. வேறு எதையும் அவர் காலைச் சாப்பாடு என்று ஒத்துக்கொண்டதே இல்லை.

முதல் நாள் காலை முருங்கைக்கீரையைத் தேங்காய் போட்டுத் துவரன் வைத்தேன். இரண்டு முட்டை அவித்தேன். நெத்திலி மீனை மாங்காயும் தேங்காயும் சேர்த்து அவியலாக வற்ற வைத்தேன். கூட ஒரு செம்பு மோர். எல்லாவற்றையும் இலையில் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கறியெல்லாம் வச்சாச்சு. இனி சாப்பாட்டைக் கொண்டாட்டி."

"இதான் சாப்பாடு."

"இது கறி. சாப்பாடு எங்க?"

"வேணும்னா தின்னுங்க. வேண்டாம்னா காலைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில குடுத்திட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். போய் அழுதேன். அழுதது அவருக்குத் தெரியாது.

தின்றார். ஆனால் தினமும் அதே கேள்வி. புடலங்காய் வைத்தாலும், வாழைப்பூவைச் சிறுபயறோடு சேர்த்து வைத்தாலும், மணவாளக்குறிச்சிப் பக்கமிருந்து கடவப் பெட்டியில் மீன் கொண்டுவருகிறவள் தந்த சாளையைக் குடம்புளி போட்டு வைத்தாலும், சாப்பாடு எங்க? சித்திரையில் கோயில் கொடை விழா வந்தது. என் கண்ணில் படாமல் ஒரு கிண்ணம் பாயசம் குடித்துவிட்டார். அடுத்த தடவை டாக்டர் காட்டிய குப்பி பழையபடி செங்கல் நிறம். வடிந்திருந்த வீக்கம் திரும்பவும் ஏறிவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷனுக்கு வயிறு நிறைந்தால் போதாது, சாப்பிட்டோம் என்று கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

மச்சில் கிடந்த மூங்கில் புட்டுக்குழலை எடுத்துக் கழுவினேன். சிறுபயற்றை வறுத்துத் திருகையில் போட்டு உடைத்து, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, தேங்காய்த் துருவல் ஒரு அடுக்கு, மாவு ஒரு அடுக்கு என்று வைத்து அவித்தேன். முதல் தடவை பச்சை வாடை. மறுநாள் கல் மாதிரி இறுகிப்போனது. என்னை என்ன வாட்டு வாட்டியது அந்தப் புட்டு. பயற்றை இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும், ரவைப் பதத்துக்கு மேல் பொடிக்கக் கூடாது, மாவைவிடத் தேங்காய் கூடுதலாக இருக்க வேண்டும், நடுவில் பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை ஒரு அடுக்கு வர வேண்டும். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. நானே கண்டுபிடித்தேன், அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை.

சரியாக வந்த அன்று காலை, அவர் இலையின் முன்னால் வைத்தே குழலைக் கவிழ்த்துக் கம்பால் தள்ளினேன். வெள்ளையும் பச்சையுமாக, உடையாமல், ஆவியோடு விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார், புட்டைப் பார்த்தார். உடைத்து மீன் குழம்பை விட்டுக் குழைத்தார். சாப்பாடு எங்கே என்று கேட்கவில்லை.

"கொள்ளாம்" என்றார், நல்லாயிருக்கிறது என்று. அந்த வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வந்தது எனக்குப் போதும்.

அதற்குப் பிறகு என் அடுப்படியில் எனக்கு வெறி பிடித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். பயற்றுமாவைக் குறைத்துக்கொண்டே வந்து, வெள்ளைப் பூசணியான கும்பளங்காயைத் துருவிப் பிழிந்து சேர்த்தேன். சூரை மீனை அவித்து உதிர்த்துத் தேங்காயோடு குழலில் வைத்தேன். முட்டையைச் சின்ன உள்ளியும் நல்லமிளகும் போட்டு அடித்து வாழையிலையில் சுட்டேன். பக்கத்து வீட்டில், புருஷனுக்குச் சோறு போடாமல் பட்டினி போடுகிறாள் என்று பேச்சு. சத்தியம் செய்த வாயாயிற்றே, பொறுத்துக்கொண்டேன். நான் பொறுத்துக்கொண்டது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆவணியில் கன்னிப்பூ அறுப்பு. புண் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வந்திருந்தது, நடுவில் மட்டும் சிவப்பு. அடுத்த வாரம் டாக்டர் பார்த்துவிட்டு முடிவு சொல்வார். அந்த நேரம் பார்த்து நாத்தனார் வீட்டுப் புத்தரி வந்தது. புத்தரி என்றால் புதுநெல்லை முதன்முதலாகச் சமைத்து உண்பது. அவள் வீட்டில் அண்ணன் வந்து முதல் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் உண்பார்கள். போகாமல் இருக்க முடியாது. நான் பயற்றுமாவை ஒரு துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

காலையிலேயே இலை போட்டுவிட்டாள். புத்தரிசிப் புட்டு, கருப்பட்டி, பழம். அவள் மாமனார், புருஷன், கொழுந்தன்மார் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து இவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் இலையை லேசாகத் தள்ளினார்.

"எனக்கு வேண்டாம் மக்கா. நீங்க உண்ணுங்க."

எங்கள் பக்கத்தில் உறவை முறிக்கச் சண்டை போட வேண்டியதில்லை. போட்ட இலையைத் தொடாமல் எழுந்தால் போதும், அத்தோடு தீர்ந்தது. நாத்தனாருக்கு முகம் செத்துப்போயிற்று.

"என்ன குறை வச்சேன் அண்ணே? சொல்லிட்டு எந்திரிங்க." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "மைனி, நீங்க ஏத்திக் குடுத்தியளா?"

இவர் தங்கை முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், கை இலைக்குப் போய்விட்டது. காலைக் கொடுத்தாலும் கொடுப்பார், தங்கையை விட்டுக்கொடுக்க மாட்டார். நான் எழுந்துபோய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன், அத்தனை ஆம்பிளைகள் முன்னால்.

"குறை ஒனக்க இலையில இல்லட்டி. ஒனக்க அண்ணன் காலுல இருக்கு. சர்க்கரை வியாதி. அரிசி தின்னா காலை வெட்டிருவாவ. வேட்டியைத் தூக்கிப் பாரு."

சத்தியத்தை உடைத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் உடைப்பேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார். நாத்தனார் குனிந்து காலில் இருந்த கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இத எனக்கிட்ட மறைக்கணுமா அண்ணே" என்று விசும்பினாள்.

"அழுகையைப் பொறவு வச்சுக்கிடலாம். புட்டுக்குழலைக் கழுவித் தா" என்றேன்.

அடுத்தவள் அடுப்படியில் புகுந்து ஆட்சி செய்ய எனக்கு அன்றைக்குத் தயக்கமே இல்லை. அவள் தேங்காய் துருவினாள், நான் பிசிறினேன். ஆவி வந்து குழலை இறக்கும்போது அவள் புதுநெல் அரிசியில் நாலைந்து மணி எடுத்துப் புட்டின் தலையில் வைத்தாள். வைத்துவிட்டு, இது ஆகுமா என்பது போல என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன்.

இவர் முதல் வாய் எடுத்தார். பசியோடு காத்திருந்த மாமனார்தான், "அரிசி பட்டாச்சில்லா, புத்தரிதான். இனி எங்களுக்கும் விளம்புங்க. மருமவளே, அந்தப் பச்சைப் புட்டுலயும் ஒரு கண்டம் வை" என்றார். கேட்டு வாங்கி இரண்டு கண்டம் தின்றார் அந்த மனுஷன்.

அடுத்த வாரம் டாக்டர் குப்பியைச் சூடாக்கினார். நீலம் நீலமாகவே நின்றது. கட்டை அவிழ்த்து விரலை அமுக்கிப் பார்த்தார். கத்தி வேண்டாம் என்றார். இனி செருப்பில்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது என்று இவரை மிரட்டியும் விட்டார்.

அடுத்த கும்பப்பூவுக்கு நாற்று நட்டிருந்த வயலைப் பார்க்க இருவருமாகப் போனோம். வரப்பில் ஏறியதும் இவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பயிருக்கு நடுவே செருப்போடு நடந்து அவருக்குப் பழக்கமில்லை. எனக்குச் சுள்ளென்று ஏறியது. அந்த டாக்டர் சொன்னதென்ன, இந்த மனுஷன் செய்வதென்ன என்று திட்ட வாயைத் திறந்துகொண்டே குனிந்தேன்.

ஈர வரப்பில் அவர் காலடி பதிந்து கிடந்தது. இடது காலில் ஐந்து விரல். வலது காலிலும் ஐந்து விரல், பெருவிரல் மற்றதைவிட ஆழமாக.

வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தடத்தை மிதிக்காமல் வரப்பின் ஓரமாகவே அவர் பின்னால் நடந்தேன்.