தைப்பூசம் முடிந்த பிறகும் விரதம்

பக்கத்து வீட்டு அண்ணன் விரதம் இருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் எங்கள் குடியிருப்புத் தாமானில் பாதி வீடுகளின் கொடியில் மஞ்சள் வேட்டி காயும். அவரும் மஞ்சள் கட்டினார், மணிக்கட்டில் காப்புக் கயிறு கட்டினார், தரையில் படுத்தார், ஒரு வேளை மட்டும் சாப்பிட்டார். எழுபது தாண்டிய வயசிலும் என்ன பக்தி என்று மெச்சியவர்களில் நானும் ஒருத்தி. இத்தனைக்கும் நான் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரி.

நானும் அவரும் கோப்பெங் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். முதலாளி தோட்டத்தை விற்றதும் ஈப்போ பட்டணத்துக்கு வந்து அடுத்தடுத்த வீடுகளில் குடியேறினோம். கூடப் பிறக்காவிட்டாலும் எனக்கு அவர் அண்ணன்தான். அண்ணி போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. மகன் சிங்கப்பூரில். அதனால் மத்தியானச் சோறு என் வீட்டிலிருந்து போகும்.

தைப்பூசம் முடிந்தது. தாமான் முழுக்கக் கோழிக்கறி மணந்தது. அண்ணன் மட்டும் மஞ்சளை அவிழ்க்கவில்லை. "விரதம் தங்கச்சி" என்று தட்டைத் தள்ளுவார். அந்த ஒரு வேளைச் சோற்றையும் காலையிலேயே சாப்பிட்டாயிற்று என்பார். சாயங்காலம் வந்து மூடியைத் திறந்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். கெஞ்சினேன், திட்டினேன், "என்னமோ பண்ணித் தொலைங்க" என்று தட்டை வைத்துவிட்டு வந்தேன். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் என் மண்டையில் உறைக்கவில்லை.

ஒரு நாள் காலை, அடுப்படியில் வேர்வையில் குளித்துக் கிடந்தார். இனிப்பு நீர்க்காரர். இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு இருந்திருக்கிறார். கிளினிக்கில் டாக்டர் அவரை ஏதேதோ கேட்டுப் பார்த்துவிட்டு, மறதி நோய் என்றார். "ஊசி போட்டா சாப்பிட்டே ஆகணும். இல்லேன்னா அடுத்த தடவ எழுந்திரிக்கமாட்டாரு." நர்ஸ் மிஸ்ஸி எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தாள்.

மகனுக்குப் போன் போட்டேன். "வயசானவங்க ஹோம்ல விட்டுறலாமா ஆண்ட்டி? அங்க நேரத்துக்கு மாக்கான் குடுப்பாங்க-லா" என்றான். சோறு கொடுப்பார்கள்; இந்த மனுஷன் வாயைத் திறக்க வேண்டாமா?

அன்றைக்குத்தான் அவரிடம் கேட்கத் தோன்றியது. "யாருக்காக அண்ணே இந்த வேண்டுதல்?"

"உங்க அண்ணிக்குத்தான். அவ ஆஸ்பத்திரியில கெடக்கா. எழுந்து வந்தா பால்குடம் எடுக்குறேன்னு வேண்டியிருக்கேன். என்ன தங்கச்சி, மறந்துட்டியா?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மறக்கவில்லை. அண்ணி நோயில் கிடந்த வருஷம் இதே போலத்தான் காப்புக் கட்டினார். தைப்பூசத்துக்கு முன்பே அண்ணி போய்விட்டார். சாவுத் தீட்டு, கோயில் படி ஏறக் கூடாது. கயிற்றை அறுத்தார்கள், பால்குடம் எடுக்கவே இல்லை. முடியாமல் நின்றுபோன அந்த விரதத்துக்குள்தான் மனுஷன் திரும்பப் போய் உட்கார்ந்திருக்கிறார்.

அப்படியானால் முடித்துவைத்தால் போச்சு. தைப்பூசம் கழிந்து இடும்பன் பூசை போட்டால் விரதம் முடிந்தது, கறி சாப்பிடலாம். தோட்டத்தில் பார்த்து வளர்ந்தவள்தானே நான். மளிகைக் கடைக்குப் போய்த் தேங்காய், வெற்றிலை, சூடம், சுருட்டு எல்லாம் கேட்டேன். "வேதக்காரங்க இடும்பன் பூசைக்குச் சாமான் வாங்குறீங்களா?" என்று கடைக்கார அக்கா சிரித்தார். "சிரிச்சது போதும், சுருட்டக் குடுங்க-லா" என்றேன். மாதா என்ன நினைப்பாரோ, இடும்பன் என்ன நினைப்பாரோ, எனக்கு அப்போது அதெல்லாம் பெரிதில்லை.

மறுநாள் கோழிப் பிரட்டலும் சோறும் கொண்டுபோனேன். எப்படியும் சாப்பிட்டுவிடுவார் என்ற நம்பிக்கையில் முதலில் ஊசியைப் போட்டுவிட்டேன். மடத்தனம். பூசைக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தேங்காயை ஒரே அடியில் உடைத்தார், சூடம் காட்டினார், குரல் நடுங்காமல் வேல் வேல் என்றார். நான் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினேன். "வேண்டுதல் நெறைவேறிருச்சு அண்ணே. உக்காருங்க, சாப்பிடலாம்."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. "அப்ப அவ பொழச்சிட்டாளா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்பச் சோத்த மூடி வை. வரட்டும். அவ வந்ததும் சேந்து சாப்பிடுறோம்." நாற்காலியை வாசல் கேட்டின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

அண்ணி உங்களைச் சாப்பிடச் சொன்னார் என்றேன். "அவளா? அவ சொல்லமாட்டா" என்று சிரித்தார். ஒரு வாய் அண்ணே என்றேன், உங்க காலைப் பிடிக்கிறேன் என்றேன். கடிகாரத்தையும் அவர் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தேன். வேர்க்க ஆரம்பித்துவிட்டது. சீனித் தண்ணீரைக் கொண்டுபோனால் கையால் தட்டிவிட்டார். எனக்குப் பயத்தில் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அண்ணி வரமாட்டாங்க! செத்துப் போயிட்டாங்க அண்ணே! செத்துப் போயிட்டாங்க!"

சொல்லியிருக்கக் கூடாது. அவர் அதை முதன்முதலாகக் கேட்டார். வாய் கோணி, சத்தமே வராமல் அழுதார். பிறகு கோழிச் சட்டியைக் காட்டி, "இத எடுத்துட்டுப் போயிரு. எழவு வீட்டுல யாரு அடுப்பு மூட்டுனது?" என்றார்.

எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. ஓடினேன். என் வீட்டில் பாலில்லாத கோப்பி-ஓ கலக்கி, சீனியை அள்ளிப் போட்டு, பிஸ்கட் டின்னையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"இந்த வீட்டு அடுப்புல வச்சதில்ல அண்ணே. எங்க வீட்டுல இருந்து கொண்டாந்திருக்கேன். துக்கத்துக்கு வந்தவங்க குடுக்குறத வேணாங்கக் கூடாது."

அந்தச் சம்பிரதாயம் அவருக்கு மறக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கினார். அழுதுகொண்டே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அண்ணியை நான் மறுபடி சாகடித்ததால்தான் அவர் தொண்டைக்குள் அது இறங்கியது. நாளைக்கும் ஊசி போட்டாக வேண்டும்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அவள எத்தன மணிக்கு எடுக்குறோம் தங்கச்சி?"

"நாலு மணிக்கு அண்ணே" என்று பிஸ்கட்டை நீட்டினேன். "அதுக்குள்ள இதையும் சாப்பிட்டுருங்க."

சாப்பிட்டார்.