சேதம் முப்பத்தேழு

கொத்தனாரம்மாவுக்கு, சமதளம் பார்க்கும் குமிழிக் கருவியின் பேரில், ‘ரசமட்டம்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சொல்வார்கள், முகத்துக்கு நேராக நாத்தனார் மட்டும் சொல்வாள். மண்ணுக்கடியில் கிடந்த பழைய ஊர் ஒன்றைத் தோண்டி எடுத்த மேட்டில், விரிசல் விட்ட சுவர்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. சேர்ந்து பதினோரு ஆண்டும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. அந்த ஊருக்கு வயது நாலாயிரம் என்று அகழாய்வு அதிகாரி சொல்லும்போதெல்லாம், “நாலாயிரமோ நாலோ மேடம், சுவர் நட்டமா நிக்கணும்,” என்பார்.

அந்த ஊரைக் கட்டியவர்கள்மேல் அவருக்கு மரியாதை உண்டு. செங்கல் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். ஒரு தெருக்கோடியில் எடுத்த கல்லும் மறு கோடியில் எடுத்த கல்லும் அரை அங்குலம்கூட வித்தியாசப்படாது. ஆனால் பெரிய முற்றத்தின் தரை மட்டும் அவருக்கு ஆகாது. முப்பத்திரண்டு வரிசைச் செங்கல், நெருக்கிப் பிடித்துப் பதித்தது, ஒரு மயிரிழை இடைவெளி கிடையாது. இருந்தும் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் நிற்காது, வடகிழக்கு மூலை தாழ்ந்திருக்கும்.

“இவ்வளவு வேலை தெரிஞ்ச ஆளு, தரையில கோட்டை விட்டுட்டான் பாரு,” என்பார்.

“ரசமட்டம் நாலாயிரம் வருஷம் முன்னாடி பொறந்திருந்தா அந்த ஆளு வேலையை விட்டே ஓடியிருப்பான்,” என்பாள் நாத்தனார். கலவைச் சட்டி தூக்குவது அவள் வேலை, வாய் அதற்கு மேல் வேலை செய்யும்.

உடைந்த இடத்தில் புதுக்கல் வைக்கும்போது கொத்தனாரம்மா அந்தக் கோணலைப் பின்பற்றியதில்லை. ஆறு கற்களைத் தம் மட்டத்துக்கு வைத்தார். அந்த ஆறும் மற்றவற்றிலிருந்து கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றன.

போன கோடையில் அதிகாரி சேதங்களைப் பட்டியல் எடுத்தார். மொத்தம் நாற்பத்தொன்று. முப்பத்தேழாவது, முற்றத்தின் வடகிழக்கு மூலையில் சுவருக்கடியில் ஒரு ஓட்டை. குறுக்களவு ஒன்பது அங்குலம், விளிம்பெல்லாம் தேய்ந்து எலிவளை போல இருந்தது. விரல் நீட்டி அதைக் காட்டியவர் கொத்தனாரம்மாதான். அடைத்தவரும் அவர்தான், மூன்று கல்லும் சுண்ணாம்புக் கலவையும் வைத்து. உள்ளே கையை விட்டபோது வழவழப்பாக, வளைவாக ஏதோ தட்டுப்பட்டது. உடைந்த பானையாக இருக்கும் என்று நினைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் அங்கே ஓட்டை இருந்ததாகப் புகைப்படத்தில்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இந்த ஆண்டு மழை செவ்வாய்க்கிழமை பிற்பகல் பிடித்தது. வியாழன் காலை ஏழு மணிக்கு வெறித்தபோது முற்றத்தில் ஏழரை அங்குலம் தண்ணீர். முந்தின மழைக்காலங்களில் அங்கே தண்ணீர் நின்றதே இல்லை. ஏன் நிற்கவில்லை என்று யாரும் கேட்டதும் இல்லை.

மேற்குச் சுவர் சுடாத மண்கல்லால் ஆனது. அதன் அடி வரிசை இரண்டும் ஊறி உப்பிக்கொண்டு வந்தன. இறைக்கும் இயந்திரம் வந்தது, கால் மணி நேரம் ஓடிச் சேற்றை விழுங்கி அடைத்துக்கொண்டது. அதிகாரி நனைந்த காகிதத்தில் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தார், அடித்தார், மறுபடி போட்டார்.

“மேற்குச் சுவர்ல ரெண்டடி அகலத்துக்கு வெட்டிவிட்டுடலாம், கொத்தனாரம்மா. தண்ணி போயிடும். அந்தத் துண்டு போனாலும் மத்ததாவது நிக்கும்.”

“வெட்டினா திரும்பக் கட்ட முடியாது மேடம். கட்டினா அது நான் கட்டினதுதான், அவங்க கட்டினது இல்ல.”

“தெரியும். வேற வழி இருந்தா சொல்லுங்க.”

கொத்தனாரம்மா உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடு இழுத்தார். இரண்டாவது கோடு கோணியது. பதினோரு ஆண்டில் அவர் கோணல் கோடு போட்டதில்லை. அழித்துப் போடலாம் என்று திரும்பியவர் அப்படியே நின்றார்.

காற்று கிழக்கிலிருந்து மேற்கே அடித்தது. ஆனால் தண்ணீரில் மிதந்த சருகுகள் காற்றுக்கு எதிராக, வடகிழக்கு மூலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. அங்கே, அடியில் எதுவோ கொஞ்சம் கசிந்து இழுப்பது போல, ஒரு கை அகலத்தில் மெல்லச் சுழன்றன. சரியாக முப்பத்தேழு இருந்த இடம்.

கைக்குத் தட்டுப்பட்ட அந்த வழவழப்பு பானை இல்லை, குழாய். தரை கோணல் இல்லை, சரிவு. முப்பத்திரண்டு வரிசையும் ஒரே மூலைக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொடுத்திருக்கின்றன. தள்ளிக்கொடுத்த தண்ணீர் போகும் வாயை அவரே அழகாக அடைத்துவிட்டார்.

தலைமைக் கொத்தனாராக அவரை நிரந்தரம் செய்யும் காகிதம் அந்த மாதம்தான் அதிகாரியின் மேசைக்கு வந்திருந்தது. இப்போது வாயைத் திறந்தால் அது அங்கேயே கிடக்கும். பேசாமல் வெட்டிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் சுவரைப் பார்த்தார். ஈரத்தில், நாலாயிரம் ஆண்டுக்கு முன் அதைக் கட்டிய ஆள் கலவையை வழித்த நான்கு விரல் தடங்கள் புதிதாகத் தெரிந்தன.

“மேடம், வெட்ட வேணாம். தண்ணி போற வழியை நான்தான் அடைச்சிருக்கேன்.”

அதிகாரி நிமிர்ந்தார்.

“முப்பத்தேழு சேதம் இல்ல, வடிகால். உள்ள குழாய் இருக்கு. அன்னைக்கே கையில பட்டுது. பானைன்னு நெனச்சு உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்.”

சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற நாத்தனார், “நல்லவேளை அண்ணி, நீங்க அடைச்சது எதுவும் சீக்கிரம் பெயராது. சாயங்காலம் வரைக்கும் இடிச்சுக்கிட்டே இருக்கலாம்,” என்றாள்.

அதிகாரி மூலையில் சுழன்ற சருகுகளைப் பார்த்தார். “எடுங்க,” என்றார்.

இடுப்பு நனைய உட்கார்ந்து, தண்ணீருக்கடியில் கைத்தடவலாகவே மூன்று கல்லையும் பெயர்த்தார் கொத்தனாரம்மா. ஐம்பது நிமிடம் பிடித்தது. தண்ணீர் இறங்கவில்லை. அடைக்கும்போது உள்ளே விழுந்த கலவை குழாய்க்குள் இறுகிக் கிடந்தது. நீளமான கம்பி ஒன்றை வாங்கி உள்ளே விட்டு இடித்தார். கை மரத்துப்போகும் வரை இடித்தார். திடீரென்று கம்பி ஒரு முழம் உள்ளே போயிற்று. கடகடவென்று அடியில் ஒரு சத்தம். சருகெல்லாம் ஒன்றையொன்று முந்திக்கொண்டு உள்ளே போயின.

நாத்தனார் சட்டியைப் போட்டுவிட்டு மேட்டைச் சுற்றி ஓடினாள். எல்லோரும் மதியம் உட்கார்ந்து சாப்பிடும் புல்தரையிலிருந்து அவள் குரல் கேட்டது. “தண்ணி இங்க வருது அண்ணி. எந்நேரமும் இந்த இடம் மட்டும் ஏன் பச்சையா இருக்குன்னு பாத்தேன்.”

பதினொன்றரைக்கு முற்றத்தில் செங்கல் தெரிந்தது. மேற்குச் சுவர் நின்றது.

அதிகாரி அறைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு மண்கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அந்த மூலையருகே தோண்டும்போது கிடைத்தது. அடியில் மூன்று மீன் கீறியிருக்கும். ‘சடங்குக் கலம்’ என்று சீட்டு எழுதி வைத்திருந்தார். வடிகாலின் வாயில் பொருத்தினார், கச்சிதமாக உட்கார்ந்தது. மழையில்லாத நாளில் எலி நுழையாமல் இருக்க மூடி.

“அப்போ சாமி கும்பிட்டது இல்லையா?” என்றாள் நாத்தனார்.

“கும்பிட்டும் இருக்கலாம். வெறும் மூடிக்கு மீன் எதுக்கு? தண்ணியை அனுப்பும்போதும் தடுக்கும்போதும் அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்க.” அதிகாரி சீட்டைக் கிழித்தார். “எனக்குப் புரியாததை எல்லாம் சடங்குன்னு எழுதினேன். உங்களுக்குப் புரியாததை நீங்க சேதம்னு காட்டினீங்க. சரியாப் போச்சு.”

பிறகு பதிவேட்டைத் திறந்து முப்பத்தேழை அடித்தார். பக்கத்தில், ‘வடிகால் வாய். திறந்தவர்: கொத்தனார்’ என்று எழுதினார்.

கொத்தனாரம்மா எட்டிப் பார்த்தார். “அடைச்சவர் யாருன்னும் எழுதுங்க மேடம்.”

அதிகாரி அவரை ஒரு முறை பார்த்துவிட்டு அதையும் எழுதினார். நிரந்தரக் காகிதம் பத்தொன்பதாம் தேதி கையெழுத்தாகி வந்தது.

தரை காய்ந்ததும் கொத்தனாரம்மா முப்பத்திரண்டு வரிசைக்கும் மட்டம் வைத்துப் பார்த்தார். எல்லா வரிசையிலும் குமிழி நடுவிலிருந்து ஒரே அளவு விலகி நின்றது, அவர் வைத்த ஆறு கல்லில் தவிர. அந்த ஆறையும் பெயர்த்து, பக்கத்துக் கல்லின் சரிவைப் பார்த்து மறுபடி பதித்தார்.

“ஊருக்குள்ள சொன்னா யாரும் நம்பமாட்டாங்க,” என்றாள் நாத்தனார், கலவையை நீட்டிக்கொண்டு. “ரசமட்டம் கோணலா கல்லு வைக்குது.”

“பேசாம கலவையைக் கொடு,” என்றார் அவர். ஆறாவது கல்லின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.