தங்கக் கீரி பிடித்த அழகுமுத்து

என் தங்கை நாகலெட்சுமிக்கு வாய்த்த புருசன் அழகுமுத்து, ராகு காலத்தில் தும்மல் வந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிற ரகம். தும்முவதற்கும் அவனுக்கு நல்ல நேரம் வரவேண்டும். இந்த லட்சணத்தில் ஐயா செய்கிற தொழில் மணிக்கூடு திருத்துவது. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடை வாசலில் கண்ணாடிக் கூண்டு ஒன்றைப் போட்டு, ஒற்றைக் கண்ணில் வில்லையைச் செருகிக்கொண்டு குனிந்திருப்பான். ஊர் மணிக்கூடெல்லாம் அவன் கைக்கு வந்துதான் சரியாகும். அவன் மட்டும் எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. புறப்பட நல்ல நேரம் பார்த்துப் பார்த்தே பஸ்ஸை விட்டுவிடுவான்.

நான் தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டுகிறவன். மலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்குப் போய்விடவேண்டும். ராகு காலம் என்று நடுவழியில் லொறியை நிறுத்தினால் சாக்குக்குள் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். தோட்டத்தை நடத்துகிற தொரை என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எனக்கும் அழகுமுத்துவுக்கும் ஆகாது என்று நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயமே சொல்லும். ஆகாதுதான். அதற்குக் காரணம் நேரம் அல்ல, பிள்ளை.

தங்கைக்கு முதல் பிரசவத்துக்கு வலி கண்ட அன்று நான் கொழும்புக்குத் தேயிலை ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். ராகு காலம் கழியட்டும் என்று இவன் அவளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வயிற்றில் பிள்ளைக்கு உயிர் இல்லை. நான் ஓடி வந்து பார்த்தபோது அழுதுகொண்டே சொன்னான்: "அந்தப் புள்ளையோட நேரம் அப்படி, மச்சான்." பாவி. அன்றைக்கே நாலு அறை விட்டிருக்கவேண்டும். தங்கை முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். அவள் அவனை ஒரு சொல் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பல வருசம் அவளுக்கு வயிறு திறக்கவே இல்லை.

இதற்கிடையில் அரசாங்கமும் தன் பங்குக்கு அவன் புத்தியைக் குழப்பியது. தொண்ணூற்றாறில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று மணிக்கூட்டை முன்னால் தள்ளியிருந்தார்கள். பிறகு இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் அரை மணித்தியாலம் பின்னால் இழுத்தார்கள். நாடு முழுக்க முள்ளைத் திருப்பிவிட்டு வேலையைப் பார்த்தது. அழகுமுத்துவோ வீட்டுச் சுவரில் இரண்டு மணிக்கூட்டை மாட்டினான். ஒன்று பழைய நேரம், மற்றது புதிய நேரம். பஞ்சாங்கம் எந்த நேரத்தைச் சொல்கிறது என்று அவனுக்கு நிச்சயமில்லை. அதனால் பழைய மணிக்கூடு காட்டியதும் ராகு காலம் தொடங்கும்; புதிய மணிக்கூடு காட்டினால்தான் முடியும். நாட்டுக்கு ராகு காலம் ஒன்றரை மணித்தியாலம் என்றால் என் தங்கை வீட்டில் இரண்டு.

அந்தச் சமயத்தில்தான் கட்டாரிலிருந்து லீவில் வந்த எங்கள் லயத்துப் பொடியன் நிரஞ்சன் ஒரு கேம் பெட்டியை அவனிடம் திருத்தக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளங்கை அகலம், புத்தகம் மாதிரித் திறக்கும். அதற்குள்ளே இருக்கும் மணிக்கூடு நின்றுபோய்விட்டதாம், பெட்டரி மாற்றவேண்டுமாம். கேமில் ஒரு பையன் புல்லுக்குள் நடப்பான். திடீரென்று ஏதாவது ஒரு விலங்கு பாயும், பிடிக்கவேண்டும். எந்நேரமும் சாம்பல் நிறக் கீரிதான் வரும். தங்கக் கீரியும் இருக்கிறதாம். ஆனால் அது வருவது லொத்தரில் விழுவது மாதிரி என்றான் நிரஞ்சன். கட்டாரில் ரூமில் இருந்தவர்கள் எல்லாரும் மாறி மாறி விளையாடியும் ஒருவனும் கண்டதில்லையாம்.

அழகுமுத்து பெட்டரி மாற்றினான். நேரம் வைக்கச் சொல்லிப் பெட்டி கேட்டது. வேறு யாராவது என்றால் ஏதோ ஒன்றை வைத்திருப்பார்கள். இவன் தன் கலியாண முகூர்த்தத்தை வைத்தான். புல்லுக்குள் போனான். தங்கக் கீரி பாய்ந்தது.

பிடிக்கத் தெரியாமல் தவறவிட்டான். மூடிவிட்டுத் திரும்ப அதே முகூர்த்தத்தை வைத்துத் திறந்தான். பக்கத்திலிருந்த மணிக்கூட்டின் டிக் டிக்குக்கு ஏற்றாற்போல அதே நொடியில் பொத்தானை அமுக்கினான். அதே இடத்தில் அதே கீரி. விதைத் தேயிலை மாதிரி செடிக்கொரு தினுசாக வரும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, ஒரே செடியின் கொப்பை வெட்டி நடுகிற வீபித் தேயிலை மாதிரி ஒரே அச்சாக வந்து நிற்கிறது.

"முகூர்த்தத்தோட மகிமய பாத்தீங்களா, மச்சான்" என்றான் என்னிடம்.

"அதே முகூர்த்தத்துலதான் மாப்ள என் தங்கச்சிக்கு நீ கெடச்ச" என்றேன். அது அவனுக்கு உறைக்கவில்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற தம்பிராசா மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கைமணிக்கூட்டுக்கு வார் மாற்ற வந்தவர் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அழகுமுத்து, உது சாத்திரமில்லை. பெட்டிக்குள்ள இருக்கிற கணக்கு. தொடங்கேக்க ஒரு இலக்கத்தைக் குடுத்தா, பிறகு வாறதெல்லாம் அதில இருந்துதான் வரும். அந்த இலக்கத்தை விதை எண்டு சொல்லுறவை. உந்தப் பெட்டி விதையை மணிக்கூட்டில இருந்து எடுக்குது. ஒரே விதை போட்டா ஒரே கீரிதானே வரும்."

மாஸ்டர் சொன்னதில் நம்ம ஆள் காதில் விழுந்தது இரண்டே சொல்: விதை, மணிக்கூடு. "மாஸ்டரே சொல்லிட்டாரு, எல்லாம் பொறக்கிற நேரம்தான்" என்று அன்று பின்னேரமே லயம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

பிறகென்ன, ஐயாவுக்குப் பெரிய மவுசு. கினிகத்தேனையிலிருந்துகூடப் பொடியன்கள் கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திருத்தக் கொடுத்த மணிக்கூடுகள் கூண்டுக்குள் தூங்கின. தங்கக் கீரி, வெள்ளி மான், இரண்டு தலை ஆமை என்று எது கேட்டாலும் நேரத்தை மாற்றி மாற்றி வைத்துத் தேடிப் பிடித்துக் கொடுத்தான். தோட்டத்து யூனியன் தலைவர் வந்து, தேர்தலில் நிற்கப் பெட்டியில் ஒரு நேரம் பார்த்துச் சொல்லச் சொன்னார். இவனும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு பார்த்துச் சொன்னான். தலைவர் தோற்றார். மணிக்கூடு பிந்தி ஓடியிருக்கும் என்று இவன் சமாளித்தான்.

வேடிக்கை என்னவென்றால், ராகு காலத்தில் ஊசியில் நூல் கோர்க்காதவன் ராகு காலத்தில் அந்தப் பெட்டியைத் திறந்தான். எப்படிடா என்று கேட்டேன்.

"உள்ளுக்கு இப்ப ராகு காலம் இல்லையே, மச்சான். மணிக்கூட்ட நாமதானே வைக்கிறோம். முள்ளத் திருப்பினா நேரம் மாறிடும். அப்ப ராகு எங்கேருந்து வருவாரு?"

எனக்குத் தலை சுற்றியது. போய் லொறிக்குத் தண்ணி ஊற்றினேன்.

தங்கை மறுபடியும் முழுகாமல் இருந்தாள். லயமே சந்தோசப்பட்டது. எனக்குச் சந்தோசத்தைவிடப் பயம் அதிகம். அவனோ பஞ்சாங்கத்தைக் கையிலெடுத்துவிட்டான். "ஒரு கீரிக்கே நேரம் இவ்வளவு பண்ணுதுன்னா மனுசப் புள்ளைக்கு என்னா பண்ணும்? சரியான நேரத்துல எறக்கினா நம்ம புள்ள தொரையா வரும், மச்சான்" என்றான். பிரசவ நாளைச் சுற்றியுள்ள எல்லா நாளுக்கும் நேரம் குறித்து வைத்திருந்தான். வலி வந்த உடனே எனக்கு ஆள் அனுப்பு என்று தங்கையிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வலி கண்டது. எனக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. அவன் விடவில்லை. முதல் கொழுந்தை ஃபெக்டரியில் இறக்கிவிட்டுத் திரும்பி மேலே ஏறும்போது பக்கத்து வீட்டுக் காளியாயி ரோட்டில் நின்று கையைக் காட்டினாள்.

"கந்தப்பண்ணே, ஓடுங்க. ஒங்க தங்கச்சிக்குப் பனிக்கொடம் ஒடைஞ்சிருச்சு. அந்த மனுசன் வாசல்ல குந்தியிருக்காரு."

லொறியை லயத்துக்குக் கீழேயே விட்டுவிட்டு ஓடினேன். வாசலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், முகமெல்லாம் வேர்வை, சேலைத் தலைப்பை வாயில் கடித்திருக்கிறாள். சுவரில் பழைய மணிக்கூடு பதினொன்றரை, புதிய மணிக்கூடு பதினொன்று.

"எந்திரிடா" என்றேன்.

"மச்சான், கோவப்படாதீங்க. பன்னண்டுக்கு ராகு காலம் முடிஞ்சிரும்."

"பழைய மணிக்கூட்டுல இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு" என்றாள் காளியாயி, எப்படியாவது சமாதானம் செய்யப் பார்த்து.

"புதுசுல முடியணும். ரெண்டுலயும் முடிஞ்சாத்தான் சுத்தம். இப்ப எறங்கினா வழியிலயே ராகு காலத்துல பொறந்துரும். பொறுங்க."

நான் கையை ஓங்கினேன். அதற்குள் தங்கை வாயிலிருந்து சேலையை எடுத்தாள்.

"அண்ணே, அந்த மணிக்கூட்ட எறக்கிக் குடு."

"எதும்மா?"

"புது நேரம் காட்டுறது."

இறக்கி அவள் முன்னால் பிடித்தேன். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பின்னாலிருந்த திருகை மெல்லத் திருப்பினாள். நடுவில் ஒரு வலி வந்தது. கண்ணை மூடி, பல்லைக் கடித்து, அது போனதும் மறுபடி திருப்பினாள். இரண்டு முள்ளும் பன்னிரண்டில் நின்றன. அதை என் கையிலிருந்து வாங்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பன்னண்டாயிருச்சுங்க. வழிய விடுங்க."

அழகுமுத்து பதறி எழுந்தான். "என்னா லெட்சுமி வெளையாட்டு இது. முள்ளத் திருப்பினா நேரம் மாறிடுமா?"

வாசலில் கூடியிருந்த பொம்பிளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். காளியாயிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. சேலையால் வாயை மூடிக்கொண்டாள்.

"பெட்டிக்குள்ள மாறுச்சே" என்றாள் தங்கை.

மணிக்கூட்டை அவன் கையில் திணித்துவிட்டு அவளாகவே படி இறங்கினாள். நானும் காளியாயியும் தாங்கிப் பிடித்து லொறியின் முன் சீட்டில் ஏற்றினோம். அவன் மணிக்கூட்டையும் தூக்கிக்கொண்டு பின்னால் வெறும் சாக்குகள் மேலே ஏறி உட்கார்ந்தான். நான் அன்றைக்கு ஓட்டின மாதிரி என்றைக்கும் ஓட்டியதில்லை. வளைவுக்கு வளைவு முருகனைக் கூப்பிட்டேன். "மெதுவா போ அண்ணே, நான் தாங்கிக்குவேன்" என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துகூட முடியவில்லை, நர்ஸ் வெளியே வந்து சிங்களத்தில் சொன்னார். பெண் பிள்ளை, நல்லாயிருக்கிறது. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அழகுமுத்து அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான், எத்தனை மணிக்குப் பிறந்தது என்று. நர்ஸ் சொன்னார். அவன் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தான். பழைய நேரத்தில் தப்புகிறது, புதிய நேரத்தில் ராகு காலம். முகம் சுண்டிவிட்டது. அன்று அவனைக் கொல்லாமல் விட்டது நான் செய்த பெரிய புண்ணியம்.

உள்ளே விட்டார்கள். தங்கை பிள்ளையை மார்போடு அணைத்துப் படுத்திருந்தாள். சிவப்பாக, முஷ்டியை மடக்கிக்கொண்டு, கத்திக்கொண்டிருந்தது குட்டி. இவன் கட்டிலருகே போய் நின்று, அவளைத் தேற்றுகிறானாம், மெதுவாகச் சொன்னான்:

"பரவால்ல லெட்சுமி. இந்த வாட்டி கொஞ்சம் முந்திருச்சு. அடுத்த புள்ளைக்கு நேரத்தச் சரியா வச்சிக்குவோம்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"பெட்டியில சாம்பக் கீரி வந்தா மூடிட்டு மறுபடியும் தொறக்கிறீங்க. எத்தன தடவ வேணும்னாலும் தொறக்கிறீங்க. எம் மொதப் புள்ளைய எந்த நேரத்த வச்சித் தொறந்தா திரும்பி வரும்னு சொல்லுங்க. நான் இப்பவே தொறக்கிறேன்."

அவன் வாயைத் திறந்தான். அது பிள்ளையோட நேரம் என்று சொல்லப்போகிறான் என்று நினைத்து நான் ஓரடி முன்னால் வந்தேன். அவன் சொல்லவில்லை. உதடு கோணிக்கொண்டு போனது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுக அழுதான்.

"நான்தான் லெட்சுமி" என்றான். "நான்தான் போகவிடல."

இத்தனை வருசமாக நான் திட்டியும் அவன் வாயில் வராத சொல் அது. அதைக் கேட்டபிறகு அவனை அடிக்கவேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லாமல் போனது. தங்கையும் அழுதாள். முதல் பிள்ளை போனபோதுகூட அவள் இப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை.

குட்டி இரண்டு பேரையும் மிஞ்சிக் கத்தியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை அவனிடம் நீட்டினாள்.

"புடிங்க. கையக் கழுவிட்டு வந்து புடிங்க."

அவன் எழுந்து ஓடிப்போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் பிள்ளையை வாங்கிக்கொண்டான்.