எங்கள் சந்தியில் ஒருவரும் கேட்காத கட்டடம்

சந்தியில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருக்கும் என்னைப் போன்ற பாவப்பட்டவர்களுக்குத் தெரியும்: பஸ்ஸால் இறங்குகிறவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்பது தேத்தண்ணீரை அல்ல, மலசலகூடத்தை.

சிவப்புக் கோடு

எங்கள் மாங்குளத்துக்கு நகரத் திட்டம் போட வந்தவர்கள் என் கடைக்குள்ளேயே சிவப்புப் பெயின்றால் கோடு இழுத்தார்கள். கோட்டுக்கு முன்னால் உள்ளதெல்லாம் றோட்டுக் காணியாம். சனம் குந்துகிற வாங்குகளும் வடைப் பெட்டியும் அந்தப் பக்கம். மிச்சம் அடுப்பு எரிகிற குசினி மட்டும்தான். குசினிக்குள் வந்து யார் வடை தின்பார்கள்? துணி வியாபாரி றசீட் நானா முன்வாங்கில் காலை நீட்டிக்கொண்டு சொன்னார்:

"தங்கச்சி, நான் இப்ப அரசாங்கக் காணியில இருக்கிறன். தேத்தண்ணிக் காசை அவையளிட்டயே வாங்குங்கோ."

கலர்க் கடதாசிகள்

பிறகு பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். திட்டமிடல் பகுதிப் பிள்ளை ஒருத்தி பெரிய வரைபடத்தை விரித்தாள். சந்தை, பூங்கா, குப்பை மேடு, மலசலகூடம் என்று எழுதிய கலர்க் கடதாசித் துண்டுகளைக் கட்டுக் கட்டாக வைத்து, வேண்டியதை வேண்டிய இடத்தில் ஒட்டச் சொன்னாள். அவரவர் சந்தையைத் தங்கள் வீட்டுப் படலைக்கு முன்னாலேயே ஒட்டினார்கள். குப்பை முழுக்க அடுத்தவன் வளவுக்குள். சிரித்த சிரிப்பில் என் கடைக்குள் இழுத்த கோடே எனக்கு மறந்துபோனது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.

"மலசலகூடம் மட்டும் கட்டு அவிழாமக் கிடக்கு. உங்கட ஊரில ஒருத்தருக்கும் அது வாறேல்லையோ?"

என் பங்கு

எனக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் வரும் பிள்ளைத்தாச்சிகளும் கிழவிகளும் அடக்க முடியாமல் என் வளவுக்குள்தான் ஓடிவருகிறார்கள். அவர்களுக்குக் கக்கூசுக்குத் தண்ணீர் அள்ளியே என் தோள் கழன்றுவிட்டது. எழும்பி, "பஸ் நிக்கிற இடத்திலதான் வேணும்" என்று கத்தினேன். "அப்ப நீங்களே ஒட்டுங்கோ, அம்மா" என்று துண்டை நீட்டினாள். சந்தியில் வெறுமையாகக் கிடந்தது என் கடைக்குப் பக்கத்துக் காணி ஒன்றுதான். ஒட்டிவிட்டேன். மண்டபமே கைதட்டியது. கூட வந்த என் தங்கச்சி வீட்டுப் படலையில் வைத்துத்தான் வாய் திறந்தாள்:

"ஊரே சந்தையைக் கேட்க, நீ ஒருத்திதான் கக்கூசைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாறாய், அக்கா."

முன்பக்கம் போன பிறகு

சொன்னபடியே கடையின் முன்பக்கத்தை வெட்டினார்கள். நான் குசினிச் சுவரை இடித்து வாங்குகளை உள்ளே போட்டேன். பக்கத்தில் கட்டடம் எழும்பியது. வாடை வருகிறதோ என்று விடிந்தால் பொழுதுபட்டால் மோந்து பார்த்தேன். வந்தது வாடை அல்ல, பஸ். தூரப் பயண பஸ்கள் எல்லாம் என் வாசலில் நிற்கத் தொடங்க, வடை சட்டியிலிருந்து தட்டுக்கு வரமுன்பே முடிந்தது. கை கழுவிக்கொண்டு வந்த சாரதி ஒருவர் சொன்னார்:

"முந்தி சனம் 'நிப்பாட்டு, நிப்பாட்டு' எண்டு கத்தினா நான் காட்டைக் காட்டுவன். இப்ப உங்கட கடையைக் காட்டுறன், அக்கா."

ஊருக்குப் பொதுவானது என்றால் எல்லாருக்கும் வேண்டியதும் ஒருவரும் பக்கத்தில் வைத்திருக்க விரும்பாததும்தான், கடைக்காரர்களே. அதைத் துணிந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் பிழைத்துக்கொள்ளலாம், மோந்து பார்க்கிற பழக்கம் மட்டும் போகாது.