அம்மனிடம் கேட்டு வாங்கிய கேமரா

எங்கள் அப்பாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. புனேயில், கட்கியில் ஃபாக்டரி வேலை. மெஷின் சத்தத்துக்கு நடுவில் வருடக்கணக்காகக் கத்திப் பேசிப் பழகியவர், வீட்டுக்கு வந்தும் அதே சத்தத்தில்தான் பேசுவார். எங்கள் வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்பது குவார்ட்டர்ஸில் அடுத்த பிளாக் வரைக்கும் தெரியும். சின்ன வயதில் எனக்கு அது பெரிய மானக்கேடு. தோழிகளை வீட்டுக்கு அழைத்துவருவதென்றால் அப்பா ஷிஃப்டுக்குப் போயிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் அழைத்துவருவேன்.

ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, விஷ்ராந்த்வாடியில் சின்னதாக ஒரு ஃபிளாட்டுக்கு வந்த பிறகு அந்தக் குரல் கம்ம ஆரம்பித்தது. சளி என்று நினைத்து மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அம்மா. சளி இல்லை, தொண்டையில் புற்றுநோய் என்று சொன்னார்கள். குரல்வளையை எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் அதற்குப் பிறகு பேச வராது.

ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அன்று காலையில் அப்பாவை ஹாலில் உட்காரவைத்து, என் கேமராவில் அவர் பேசுவதைக் கொஞ்ச நேரம் வீடியோ எடுத்தேன். அப்போது எங்கள் வீட்டில் இருந்தவை பட்டன் போன்கள். அப்பாவின் குரல் என்று இந்த உலகத்தில் மிஞ்சியது அந்தக் கேமராவுக்குள் இருந்தது மட்டும்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் மூச்சு விட ஒரு துளை, அதை மூடி ஒரு மெல்லிய துணி. எங்களைக் கூப்பிட வேண்டுமென்றால் கைதட்டுவார். உதட்டசைவைப் பார்த்து அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள நானும் அம்மாவும் பழகிக்கொண்டோம். ஆனால் அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. "இப்ப வேணாம், அப்புறம் பாத்துக்கலாம். அது எங்க ஓடிப் பூடப் போவுது?" என்பாள் அம்மா. கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும் என்றால் திறந்தாக வேண்டுமே என்று நானும் தள்ளிப்போட்டேன். அப்பா மட்டும் கட்கி பஜாரில் அந்தக் கேமராவுக்கு அளவெடுத்து ஒரு தோல் உறை தைத்து வாங்கிவந்தார். அதைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

நல்ல காற்றில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். குளிர் விட்டுப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பீமாசங்கர் பக்கத்துக் காட்டுக்குப் போனேன். முழங்கால் வலி என்று அம்மா வரவில்லை. அந்தக் காட்டில் பூனையளவு பெரிய செந்நிற அணில் உண்டு. அதைப் பார்க்க அப்பாவுக்குக் கொள்ளை ஆசை. கடைசி ஊரில் காரை விட்டுவிட்டு நடந்தோம். அணிலும் கிடைத்தது. கிளைக்குக் கிளை அது தாவத் தாவ, அப்பா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். படம் எடுக்கவும் மறந்துபோனார்.

இன்னும் உள்ளே போனால் மரங்கள் அடர்ந்து இருட்டாக ஓர் இடம். நடுவில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில், அதில் செந்தூரம் பூசிய ஒரு கல். ஆள் அரவம் இல்லை. தோல் சாமானோடு சாமி கிட்டே போகக்கூடாது என்பதில் அப்பா கறார். பெல்ட்டைக் கழற்றினார், பர்ஸை எடுத்தார். எதிரே ஒரு பெரிய மரம். அதன் கிளைகளில் மணிகள், துணி முடிச்சுகள், மரத்தொட்டில்கள் என்று என்னென்னவோ தொங்கின. நம்மூர்க் கோயில் வாசலில் பை வைக்கிற இடம்போல என்று எடுத்துக்கொண்டார் மனிதர். பெல்ட், பர்ஸ், கேமரா மூன்றையும் அதிலேயே மாட்டினார். கும்பிட்டு முடிக்கும்போது குரங்குக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு வர, நான் அவசரப்படுத்தினேன். பெல்ட்டும் பர்ஸும் கைக்கு வந்தன. கேமரா வரவில்லை.

திரும்பும் வழியில் ராஜ்குருநகரில் டீ குடிக்க இறங்கியபோதுதான் அப்பா தோளைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது. காரை உருட்டிப் புரட்டிப் பார்த்தோம். மரத்தில் மாட்டியதை அவர்தான் சைகையில் காட்டினார். அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. காட்டுக்குள் இனிமேல் போக முடியாது. வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, "ஆளு நல்லா கீறாரில்ல, அது போதும்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அப்பா சாப்பாட்டைத் தொடவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். அப்பா எனக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். கடைசி ஊரில், கோயிலைக் கவனித்துக்கொள்கிற பூசாரியின் வீட்டில் விசாரித்தோம். அவர் மனைவி சிரித்துக்கொண்டே, "பார்த்தோமே, மரத்திலேதான் இருக்கிறது" என்று மராத்தியில் சொன்னாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலையில் விளக்கேற்றப் போனபோதே பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் ஏன் எடுத்து வைக்கவில்லை என்ற கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை.

பூசாரியும் மனைவியும் கூடவே வந்தார்கள். காட்டின் விளிம்பிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். போன வாரம் யாரோ வந்து மாட்டிவிட்டுப் போனதுபோல, மணிகளுக்கும் தொட்டில்களுக்கும் நடுவில் சாவகாசமாகத் தொங்கிக்கொண்டிருந்தது எங்கள் கேமரா. ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

"ஹாத் லாவூ நகா!" கை வைக்காதீர்கள் என்று போட்டாள் பூசாரியின் மனைவி ஒரு சத்தம். நீட்டிய கை அப்படியே நின்றது.

பூசாரிதான் பொறுமையாக விளக்கினார். கோயில் என்பது அந்தத் தகரக் கூரை மட்டும் இல்லையாம். செருப்பைக் கழற்றிய இடத்திலிருந்து எல்லாமே அம்மனுடையது. ஒரு சுள்ளியைக்கூட யாரும் வெளியே கொண்டுபோக மாட்டார்கள். அதிலும் இந்த மரம் வேண்டுதல் மரம். பிள்ளை வரம் கேட்பவர்கள் தொட்டில் கட்டுவார்கள், மற்றவர்கள் மணி கட்டுவார்கள். நீங்கள் கேமராவைக் கொடுத்திருக்கிறீர்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம் என்றார். நாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை, மாட்டிவைத்தோம் என்று நான் எகிறினேன். அவர் கோபப்படவில்லை. அதை அம்மனிடமே கேட்டுவிடலாம் என்றார்.

கேட்கிற முறையையும் அவரே சொன்னார். கல்லின் இரண்டு தோளிலும் ஈரத்தில் ஒவ்வொரு பூ ஒட்டிவைப்பார். வலது பூ முதலில் விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். இடது விழுந்தால் கேமரா அம்மனுக்கு. ஆனால் மரத்தில் மாட்டியவர்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். மகள் கேட்டால் செல்லாது.

அவருக்குப் பேச வராது என்றேன். அப்பா தாமாகவே கழுத்துத் துணியை விலக்கிக் காட்டினார். பூசாரி மனைவியைப் பார்த்தார். இதுவரை இப்படி யாரும் வந்ததில்லை போலிருக்கிறது. அவள்தான், "வருகிறபடி கேட்கட்டுமே" என்றாள்.

அப்பா கல்லுக்கு முன்னால் போய் நின்றார். புனேயில் பாதி ஆயுளுக்கு மேல் கழித்தவர், காய்கறிக்காரியிடம் மராத்தியில் சண்டை போட்டு ஜெயித்தவர். ஆனால் அந்த உதடுகள் அசைந்தது தமிழில். பக்கவாட்டில் நின்று நான் படித்தேன்.

"தாயே, எங்கொரலு அதுல கீது. நான் இன்னும் ஒரு வாட்டிகூட கேக்கல. குடுத்துடு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கேமராவை அவர் தோளைவிட்டு இறக்காததற்கு அதுதான் காரணம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பூ விழவில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டே இருந்தன. இடது பூவின் நுனி லேசாகத் தொங்கியது. யாரும் பார்க்காதபோது வலது பூவை ஊதிவிடலாமா என்றுகூட யோசித்தேன், பாவம் புண்ணியம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்பா மட்டும் அசையாமல் நின்றார். ஒரு பெரிய மூச்சு அவர் கழுத்துத் துளை வழியே சீறிக்கொண்டு வெளியே வந்தது. வலது பூ விழுந்தது.

மூச்சுக் காற்றில்தான் விழுந்ததோ என்னவோ, பூசாரி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வாய் நிறையச் சிரித்து, தன் கையாலேயே கேமராவை இறக்கி அப்பாவின் தோளில் மாட்டினார். அடுத்த மாதம் நாங்கள் ஒரு பித்தளை மணி வாங்கிப் போய்க் கட்டினோம். அதைத் திருப்பிக் கேட்கிற எண்ணம் இல்லை என்று சொன்னேன், பூசாரியின் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கேமரா கிடைத்த அன்று வீட்டுக்குள் நுழையும்போது அம்மா சமையலில் இருந்தாள். குக்கர் சத்தத்தில் நாங்கள் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. அப்பா கேமராவை என்னிடம் நீட்டி, டீவியைக் காட்டினார். ஒயரைச் செருகி வீடியோவைப் போட்டேன். திரையில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இன்னாத்த பேசறது? பேசு பேசுன்னா?" என்று என்னை முறைத்தார். கரகரத்துப் போயிருந்தாலும் அதே சத்தம். பிறகு உள்பக்கம் திரும்பி, "இன்னாமே, டீ ஆச்சா இல்லியா?" என்று கத்தினார். வீடியோ எடுத்த அன்றைக்கு அம்மா பதில் சொல்லவில்லை. அடுப்படியில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வீடியோவில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"தோ வரேன், இரு! இன்னா அவசரம்?" என்று இப்போது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டே ஹாலுக்கு வந்த அம்மா பாதியில் நின்றாள். டீவியைப் பார்த்தாள், அதன் பக்கத்தில் வாய் திறக்காமல் நிற்கிற அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் கண்களிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அழவில்லை. திரும்பி அடுப்படிக்குள் போனாள்.

"இன்னொரு வாட்டி போடு," என்றாள் அங்கிருந்து. "நான் இங்கயே கீறேன்."